ஆறு வரும்போது பள்ளிக்கூடம் திறந்துவிடுகிறது



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, புத்தகப் பை பரண் மேல் ஏறியிருக்கும். "எங்கம்மா போறோம்?" என்ற கேள்வியும் ஆரம்பித்திருக்கும். முதல் இரண்டு நாள் செல்போன் அந்தக் கேள்வியை அடக்கி வைக்கும். மூன்றாம் நாள்?

போன வருஷம் எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரிலிருந்து ஒரு வேன் பிடித்தோம். எங்கள் குடும்பம், தங்கை குடும்பம், மாமியார், பிள்ளைகள் நான்கு பேர். நவக்கிரகக் கோயில்கள் ஒன்பதையும் ஒரே நாளில் பார்ப்பது என்று திட்டம். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். ஆலங்குடியில் கூட்டம், திருநள்ளாறில் அதைவிடக் கூட்டம். மதியம் நடை சாத்தியிருந்த நேரத்தில் ஒரு புளியமரத்தடியில் வேனை நிறுத்திச் சாப்பிட்டோம். மற்ற நேரமெல்லாம் "ஓடு, ஓடு, அடுத்த கோயில் சாத்திடுவாங்க"தான். வீடு திரும்ப ராத்திரி பத்தரை.

படுக்கும்போது தங்கையின் ஏழு வயது மகனிடம், "இன்னிக்கு உனக்கு எது ரொம்பப் பிடிச்சுது?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். "டீக்கடையில கட்டியிருந்தாங்களே பெரியம்மா, அந்த ஆட்டுக்குட்டி" என்றான்.

எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு புரிந்தது. அன்று முழுவதும் அவனை ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிற்கவிட்டது அந்த டீக்கடையில் மட்டும்தான். மாமியாருக்கு அது மனம் நிறைந்த யாத்திரை. அவருக்காகப் போனது சரிதான். ஆனால் பிள்ளைகளுக்கான நாளையும் அதே வேனில் ஏற்றியது நான் செய்த தப்பு.

காவிரி டெல்டாவில் வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பெரிய லீவு எப்போது வருகிறது? ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அப்போது நம் ஊர் எப்படி இருக்கும்? சம்பா அறுப்பு முடிந்து, உளுந்தும் பயறும் எடுத்து, வயல் வெடித்துக் கிடக்கும். காவிரியில் மணல்தான் ஓடும். வாய்க்காலுக்குள் ஆடு மேயும். மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அந்தத் தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிக் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாலு நாள். அதற்குள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் திறந்துவிடும்.

2023-ல் வெயில் காரணமாகப் பள்ளி திறப்பைத் தள்ளி வைத்தார்கள், நினைவிருக்கிறதா? ஆறாம் வகுப்பும் அதற்கு மேலும் படிக்கிற பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது ஜூன் 12. மேட்டூர் திறந்ததும் அதே ஜூன் 12. ஆறு நம் ஊரை நோக்கிக் கிளம்பிய அன்றைக்குத்தான் பிள்ளைகளும் வகுப்புக்குப் போனார்கள். 2024-ல் அணையில் தண்ணீர் போதாமல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். 2022 மட்டும் அபூர்வமான வருஷம். மே 24-ம் தேதியே மேட்டூர் திறந்து, லீவு முடியும் முன்பே ஆற்றில் தண்ணீர் வந்தது. அந்த வருஷம் கரையில் நின்ற பிள்ளைகளின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அதாவது, ஊர் பச்சைப் பசேலென்று இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் பள்ளியிலும் ட்யூஷனிலும். காய்ந்து கிடக்கும் மாதத்தில் லீவில். "நம்ம ஊர்ல என்ன இருக்கு?" என்று அவர்கள் கேட்பதில் என்ன ஆச்சரியம்? உடனே நாமும் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் மூட்டை கட்டுகிறோம். போகக்கூடாது என்று சொல்லமாட்டேன். ஆனால் 2024 மே மாதம் உயர் நீதிமன்ற உத்தரவின்படி அந்த இரண்டு ஊருக்கும் இ-பாஸ் கொண்டுவர வேண்டிய அளவுக்குக் கூட்டம். ரூம் வாடகை என்னவென்று உங்களுக்கே தெரியும். நடவுக் கூலியிலும் கடைச் சம்பளத்திலும் ஓடுகிற வீடுகளுக்கு அது கட்டுப்படியாகிற பேச்சே இல்லை.

எனக்குத் தோன்றும் வழி ஒன்றுதான். சுற்றுலா முழுவதையும் மே மாதத்திலேயே கொட்டிக் கவிழ்க்க வேண்டாம். தண்ணீரும் பச்சையும் பார்க்க வேண்டியதைக் காலாண்டு, அரையாண்டு லீவுக்கு எடுத்து வையுங்கள். மே மாதத்துக்குக் கல்லும் நிழலும் போதும். எந்த நாளானாலும் ஒரு நாளைக்கு ஒரே ஒரு இடம்.

நிழல் என்றதும் தஞ்சைப் பெரிய கோயில்தான் ஞாபகம் வருகிறது. "விமானத்தோட நிழல் தரையில விழாது" என்று நம் எல்லோருக்கும் யாரோ சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதை அப்படியே பிள்ளைக்குச் சொல்லாதீர்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு அழைத்துப் போய், "தேடிப் பாரு" என்று விடுங்கள். மண்டபக் கூரைகளைத் தாண்டி, கிழக்குப் பக்கத்து முற்றத்தில் நிழல் நீளமாகக் கிடக்கும். முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளை போடும் கூச்சலை நீங்கள் கேட்க வேண்டும்! தாத்தாவும் வாத்தியாரும் சொன்னதைத் தன் கண்ணால் சரிபார்த்த சந்தோஷம் அது.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஏப்ரல் 18-ஐ ஒட்டி தஞ்சாவூரில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். பகல் 12 மணி 10 நிமிட வாக்கில் மொட்டை மாடியில் ஒரு குச்சியை நேராக நட்டுப் பாருங்கள், நிழல் இருக்காது. சுமார் 216 அடி உயர விமானம் அடியில் அகன்று மேலே குறுகிப் போவதால், அந்த நாட்களில் உச்சி நேரத்தில் அதன் நிழல் அதன் மேலேயே அடங்கிவிடுகிறது. நிழல் விழாது என்கிற கதை இப்படித்தான் கிளம்பியிருக்குமோ? பிள்ளைகளோடு சேர்ந்து யோசிக்கலாமே.

ஒரு எச்சரிக்கை. மே மாத மதியத்தில் பெரிய கோயிலுக்குப் போகவே போகாதீர்கள். வெறுங்காலில் அந்தக் கல்தளம் பிஞ்சுப் பாதத்தைச் சுட்டுவிடும். பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள்.

உள்ளே போனதும் ராஜராஜன் 1010-ல் முடித்த கோயில், யுனெஸ்கோ சின்னம் என்று பாடம் நடத்தத் தொடங்கிவிடாதீர்கள். சுவரில் இருக்கும் எழுத்தைத் தொடாமல் காட்டுங்கள். அந்தக் கல்வெட்டுகளில் ராஜாவின் பெயர் மட்டும் இல்லை. கோயிலில் ஆடிய 400 பெண்களின் பெயர், அவர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை இருக்கிறது. ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் நெல் சம்பளம். தையல்காரர், சலவைக்காரர், நாவிதர், கணக்கர், விளக்கேற்றுபவர் எல்லோரும் அந்தப் பட்டியலில் உண்டு. "நம்ம தெரு டெய்லர் மாமா பேரைக் கல்லுல எழுதின மாதிரியா?" என்று என் மகள் கேட்டாள். ஆமாம், அதே மாதிரிதான்.

வெயில் தாங்காத பகலுக்குத் தஞ்சாவூர் அரண்மனை இருக்கிறது. அங்கே ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு உண்டு. தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கியது. அதன் முன்னால் நின்ற பிள்ளை அதற்கப்புறம் வேறு எதையும் பார்க்கவில்லை என்றாலும் விட்டுவிடுங்கள். முடிந்தால் சரஸ்வதி மகால் அருங்காட்சியகத்தில் இன்னொன்றைக் காட்டுங்கள். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பிரெஞ்சு ஓவியர் லெ ப்ருன் 17-ம் நூற்றாண்டில் வரைந்த படங்கள். ஆந்தை மாதிரி மூஞ்சி, மாடு மாதிரி மூஞ்சி! 1832 வரை ஆண்ட நம் சரபோஜி மன்னரின் சேகரிப்பு இருக்கும் நூலகம் அது. வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பிள்ளைகள் ஒரு வாரம் விளையாடுவார்கள்.

கும்பகோணம் பக்கத்து வாசகர்களுக்குத் தாராசுரம் ஒன்றே போதும். ஒரே தலையை யானைக்கும் காளைக்கும் பொதுவாகச் செதுக்கிய சிற்பம் அங்கே இருக்கிறது. ஒரு பக்கத்து உடம்பைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கம் மறைத்தால் யானை. இடத்தைச் சொல்லிவிடாதீர்கள். தேடட்டும். கணக்கில் ஆர்வமுள்ள பிள்ளை என்றால் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வாழ்ந்த சின்ன ஓட்டு வீட்டைக் காட்டலாம்.

இப்போது வீட்டில் அதிகம் பேசாத ஒன்றைப் பேச வேண்டும். "பிள்ளைகளுக்கு லீவு" என்கிறோம். அம்மாவுக்கு? ஒரு நாள் வெளியே போக, மூன்றரை மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, தயிர் சாதம் பிசைந்து, உருளைக்கிழங்கு வறுத்து, எல்லோருடைய துணியையும் எடுத்து வைத்து, கடைசியில் பஸ் ஏறும்போதே களைத்துப் போயிருப்பவள் அவள்தானே? சாயங்காலம் வந்ததும் அந்தத் தூக்குவாளியையும் டிபன் பாக்ஸையும் கழுவுவது யார்? இந்த லீவில் புளிக்காய்ச்சலை முதல் நாளே அப்பா காய்ச்சட்டும். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை அவனவன் டப்பாவை அவனே கழுவட்டும். அல்லது அன்று சமையலே வேண்டாம், வழியில் நுங்கும் வெள்ளரிப்பிஞ்சும் வாங்கிக்கொண்டு சாப்பாட்டை மெஸ்ஸில் முடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கழிப்பறை. வெளியே போனால் போக இடமிருக்காது என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெண்களும் பெண் பிள்ளைகளும் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். மே மாத வெயிலில் இது உடம்புக்கு ஆபத்து. போகும் இடத்தைத் தீர்மானிக்கும் முன்பே அங்கே சுத்தமான கழிப்பறை எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். ஊருக்குள் உறவினர் வீடு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லி வையுங்கள். எத்தனையோ கோயில், எத்தனையோ ஆற்றங்கரை. அங்கெல்லாம் பூட்டாத, தண்ணீர் வருகிற ஒரு கழிப்பறை வேண்டும் என்று கேட்பது பேராசையா?

செலவும் பயப்படும் அளவுக்கு இல்லை. சாதாரண டவுன் பஸ்ஸில் 2021-லிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் இல்லை. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போக ஒரு டவுன் பஸ் போதும். புஷ்ய மண்டபப் படித்துறையில் சாயங்காலம் உட்கார்ந்துவிட்டு, வரும் வழியில் நூறு கிராம் அசோகா வாங்கிக்கொண்டால் பிள்ளைகளுக்கு அதுவே திருவிழா. எங்கள் சின்ன வயதில் காய்ந்த ஆற்று மணலைத் தோண்டி ஊற்று எடுப்போம். முழங்கை அளவு தோண்டினால் தெளிந்த நீர் ஊறும். இன்று பல இடங்களில் எவ்வளவு தோண்டினாலும் ஈரம்கூட வருவதில்லை. பிள்ளைகள் "ஏன் வரல?" என்று கேட்டால், மணல் எங்கே போனது என்று உண்மையைச் சொல்லுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். செப்டம்பர் கடைசியில் காலாண்டு லீவு. அப்போது கல்லணைக்குப் போங்கள். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் நான்கும் பிரிகிற இடத்தில் பாலத்தில் நின்று, "நம்ம ஊருக்கு வர்ற தண்ணி எதுல போகுது?" என்று கேளுங்கள். தஞ்சாவூர்ப் பிள்ளைகள் தினமும் பெரிய கோயில் பக்கத்தில் பார்க்கும் அந்தப் புது ஆறு 1934-ல்தான் வந்தது, கரிகாலன் பெயரோடு நாம் சொல்லும் அணையோ ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது என்பது அவர்களுக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

டிசம்பரில் அரையாண்டு லீவு. சம்பாப் பயிர் இடுப்பளவு நிற்கும். மன்னார்குடி சாலையில் வடுவூர் ஏரிக்குப் பறவைகள் வந்திருக்கும். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி அது. நத்தைகுத்தி நாரையையும் அரிவாள் மூக்கனையும் பார்க்க அதிகாலையில் போக வேண்டும். சத்தம் போடாமல் இருக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் அது. சின்னக் குழந்தை என்றால் இரண்டு வருஷம் பொறுக்கலாம்.

தண்ணீர் உள்ள நாட்களில் ஒன்றை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளை ஆற்றுக்குள் இறக்காதீர்கள். மதகுகளுக்குக் கீழே சுழல் இருக்கும். மணல் அள்ளிய குழி மேலே பார்த்தால் தெரியாது. முழங்கால் தண்ணீர் என்று நினைத்த இடத்தில் அடுத்த அடி ஆளை முழுங்கும். ஒவ்வொரு வருஷமும் நாளிதழில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நாம் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். "எனக்கு நீச்சல் தெரியும்" என்கிற அப்பாக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதி வரும். பள்ளி இருந்தால் சாயங்காலமாவது படித்துறைக்கு அழைத்துப் போங்கள். காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, கலந்த சாதம் எல்லாம் இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் தெருவில் சப்பரம் இழுத்துக்கொண்டு போவதுதான் குறைந்துவிட்டது. ஒரு அட்டைப் பெட்டி, நாலு சக்கரம், கொஞ்சம் கலர் பேப்பர். இந்த மே மாதத்திலேயே வீட்டில் செய்ய ஆரம்பித்துவிடலாமே?

அதற்கு முன்பே ஒரு நாள் இருக்கிறது. கல்லணை திறந்த பிறகு உங்கள் ஊர் வாய்க்காலுக்கு எந்த நாள் தண்ணீர் வரும் என்று பிள்ளையையே விசாரிக்கச் சொல்லுங்கள். தாத்தாவிடம், பக்கத்து வயல்காரரிடம், மதகு திறப்பவரிடம். அன்று பள்ளி விட்டதும் யூனிஃபார்மைக்கூட மாற்ற வேண்டாம், அப்படியே வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போய் நிறுத்துங்கள். சருகும் நுரையும் தள்ளிக்கொண்டு, வெடித்த மண்ணின் ஒவ்வொரு பிளவாக நிரப்பிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் முதல் தண்ணீர் வரும். பிள்ளை அதோடு கூடவே கரையில் நடந்து வரட்டும். எது வரை போனான் என்று எங்களுக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்