பட்டனைத் தட்டினால் டிராயிங் வரும், சரி... பார்ப்பது யார்?

ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினால் புடவையில் பூ தப்பும். கலசப்பாக்கம், ஆரணிப் பக்கம் தறிக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஷாப் டிராயிங்கும் அப்படித்தான். அதைப் பார்த்துத்தான் பட்டறையில் இரும்பை வெட்டுகிறார்கள், துளை போடுகிறார்கள்.

டெக்லாவில் மாடல் முடிந்தால் ஒவ்வொரு உத்திரத்துக்கும் டிராயிங் தானாக வந்து விழுகிறது. அப்புறம் செக்கர் எதற்கு என்கிறார்களா? 1981, அமெரிக்கா, கேன்சஸ் சிட்டி ஹயாத் ஓட்டல். இரண்டு தொங்கு நடைபாலங்களையும் தாங்கவேண்டிய ஒரே நீளக் கம்பி, ஷாப் டிராயிங்கில் இரண்டு கம்பியானது. மேல் பாலத்து நட்டின் மேல் சுமை இரட்டிப்பானது. யாரும் கணக்குப் போட்டுப் பார்க்காமலே முத்திரை விழுந்தது. பாலங்கள் சரிந்து 114 பேர் இறந்தார்கள்.

இன்றைய மென்பொருளின் மோதல் சோதனையில் அந்த இணைப்பு ஜோராகத் தேறியிருக்கும்! எதுவும் எதிலும் இடிக்கவில்லையே. கெடு நெருங்குகிறது என்று செக்கரின் நாட்களில் மட்டும் கை வைக்காதீர்கள் ஐயா.