மாட்டுத் தீவனத்தில் நுண்ணுயிர்கள்: பயன் எதுவரை?

பால் உற்பத்தியில் உலகில் முதலிடம் இந்தியாவுக்கு. 2023-24ஆம் ஆண்டில் நாட்டில் கிடைத்த பால் சுமார் 23.9 கோடி டன். ஆனால் இந்தப் பெருமைக்குக் காரணம் பசு, எருமைகளின் எண்ணிக்கையே. மாடு ஒன்று தரும் பாலின் அளவில் மேல்நாடுகள் நம்மைவிட வெகுதூரம் முன்னே நிற்கின்றன. இந்தக் குறையைக் காட்டித்தான் 'நன்மை செய்யும் பாக்டீரியா' கலந்த தீவனப் பொடிகள் விற்கப்படுகின்றன. ஊரிலுள்ள மாட்டுக்குத் தீவனச் செலவு அனுப்பும் குடும்பங்கள் இதன் உண்மையை அறிவது நல்லது.

வைக்கோலை மாடு தானாகச் செரிப்பதில்லை. அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் கோடானுகோடி நுண்ணுயிர்களே நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரே வேளையில் கொட்டினால் மாடு படுத்துவிடுவது ஏன்? சோற்றை உண்ணும் பாக்டீரியாக்கள் திடீரெனப் பெருகி, வயிற்றில் அமிலம் ஏறி, நாரைச் செரிக்கும் இனங்கள் மடிந்துவிடுகின்றன. இத்தகைய மாட்டுக்கு ஆரோக்கியமான மாட்டின் வயிற்றுச் சாற்றைப் புகட்டும் வைத்தியம் பழையதுதான். பொடிகளின் தத்துவமும் ஏறக்குறைய அதுவே.

இதற்கு ஆஸ்திரேலியாவில் தெளிவான சான்று உண்டு. நம் ஊர்களில் சூபாபுல் என்று நடப்படும் மரத்தின் தழை புரதம் மிகுந்தது. ஆனால் அதிலுள்ள நச்சால் ஆஸ்திரேலிய மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்துக் கழலை கண்டது. அதே தழையைத் தின்ற ஹவாய்த் தீவு ஆடுகளுக்கு ஒன்றும் நேரவில்லை. வேறுபாடு வயிற்றில்தான் என்று ஊகித்த ரேமண்ட் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானி, 1980களின் தொடக்கத்தில் ஹவாயிலிருந்து அந்த நுண்ணுயிர்களைத் தருவித்துத் தம் நாட்டு மாடுகளுக்குக் கொடுத்தார். நச்சு முறிந்தது. 1992இல் அந்த பாக்டீரியாவுக்கு அவர் பெயரையே சேர்த்துச் சூட்டினார்கள்.

ஆனால் அங்கே இல்லாத ஒன்று கொடுக்கப்பட்டது; அதனால் பலன் கண்கூடாகத் தெரிந்தது. எல்லா மாட்டுக்கும் அப்படி நேராது. கழிச்சல் காணும் இளங்கன்றுகளுக்கும், தானியத் தீவனம் அதிகம் தின்னும் கறவை மாடுகளுக்கும் பலன் எதிர்பார்க்கலாம். பின்னதற்குப் பெரும்பாலும் தரப்படுவது பாக்டீரியா அல்ல, ரொட்டிக்கடை ஈஸ்ட்டின் இனம்! வெறும் வைக்கோலில் காலந்தள்ளும் மாட்டுக்கோ, பொடிக்குக் கொடுக்கும் காசைப் பசுந்தீவனத்துக்கும் பிண்ணாக்குக்கும் கொடுப்பதே மேல்.

இந்த ஆராய்ச்சியை ஊக்குவிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் மருந்து கலப்பதால், அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகி மனிதரையும் தாக்குகின்றன. ஐரோப்பிய நாடுகள் 2006இல் இதற்குத் தடை விதித்தன. கொலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த இந்திய அரசு 2019இல் தடை விதித்தது. மருந்தின் இடத்தை நல்ல நுண்ணுயிர்கள் ஓரளவு பிடிக்குமானால், நகரத்தில் பால் வாங்கிக் குடிப்போருக்கும் அது லாபமே.

சிக்கல் பொட்டலத்தில் இருக்கிறது. உள்ளே இருப்பது உயிர். தகரக்கூரைக் கடையின் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் செத்துவிடும். செத்ததை வாங்கினாலும் விலை அதேதான். எந்த இனம், ஒரு கிராமில் உயிருடன் எத்தனை கோடி, எந்தத் தேதிவரை என்று அச்சிடாத பொட்டலத்தை வாங்காமலிருப்பதே நலம். இரண்டு மாடு வைத்திருப்பவரால் இதையெல்லாம் சோதித்துப் பார்க்க முடியாது. பால் கூட்டுறவுச் சங்கங்களிடம் ஒவ்வொருவரும் ஊற்றும் பாலின் கணக்கு இருக்கிறது. சில மாடுகளுக்குக் கொடுத்து, சிலவற்றுக்குக் கொடுக்காமல், இரண்டு மாதக் கணக்கை ஒப்பிட்டபின் பொடியை விற்பனைக்கு வைக்கும் பொறுப்பை அவையே ஏற்க வேண்டும்.