அப்பாவுக்குச் சொல்லாத கணக்கு

பெருங்குடல் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்த ஒருவர் இனி எப்படி இருப்பார் என்பதை எங்கட ஊரில் எல்லாரும் விசாரிப்பார்கள். மூத்த மகன் டொக்டரிட்டைக் கேட்பார். கனடாவில் இருக்கிற மாமி கூகிளிட்டைக் கேட்பா. அம்மா குறிப்பைத் தூக்கிக்கொண்டு சாத்திரியாரிட்டைப் போவா. கட்டிலில் படுத்திருக்கிறவர் மட்டும் ஒருத்தரிட்டையும் கேட்க ஏலாது. ஏனென்றால் அவருக்குச் சொல்லப்பட்டிருப்பது, "குடலுக்குள்ள சின்னக் கட்டி ஒண்டு, வெட்டி எடுத்தாச்சு, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ" என்பதுதான்.

இதை அன்பு என்கிறார்கள். அன்புதான், எங்களுக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்த அன்பு நோயாளியின் உடம்புக்கே கெடுதல் செய்கிறது என்று நாங்கள் நினைக்கிறோம். உரிமை, அறம் என்று பெரிய கதை கதைக்க வரவில்லை (கலைப்பீடக்காரர் வேற என்னத்தைக் கதைப்பினம் என்று நீங்கள் நினைக்கலாம்). அந்தக் கணிப்பு எப்படிப் போடப்படுகிறது என்று கொஞ்சம் பார்த்தாலே விசயம் விளங்கிவிடும்.

கணிப்பு இரண்டு விதம். முதல் 30 நாளைச் சிக்கலில்லாமல் தாண்டுவாரா என்பது ஒன்று. சில வருடங்களுக்குள் நோய் திரும்புமா, 5 வருடத்துக்குப் பிறகு ஆள் இருப்பாரா என்பது மற்றது.

இரண்டாவதுக்கு அத்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் லண்டன் செயின்ட் மார்க்ஸ் வைத்தியசாலையின் நோயியலாளர் கத்பேர்ட் டியூக்ஸ். வெட்டி எடுத்த குடல் துண்டை ஆராய்ந்து, கட்டி குடற்சுவருக்குள் நிற்கிறதா, சுவரைத் தாண்டிவிட்டதா, பக்கத்து நிணநீர்க்கணுக்களுக்குப் போய்விட்டதா என்று பார்த்து, 1932இல் நோயை ஏ, பி, சி என்று மூன்றாகப் பிரித்தார். இன்றைய டி.என்.எம் முறை நுணுக்கம் கூடியது, கேட்கிற கேள்வி ஏறக்குறைய அதேதான். அமெரிக்கக் கணக்குப்படி, நோய் குடலுக்குள் நிற்கும்போதே பிடிபட்டவர்களில் நூற்றுக்கு 90 பேரளவில் 5 வருடத்தைத் தாண்டுகிறார்கள். ஈரல், சுவாசப்பை என்று தூரத்துக்குப் பரவியபின் அது 15 பேரளவுக்கு இறங்கிவிடுகிறது. கணுக்களில் குறைந்தது 12ஐயாவது சோதிக்கவேண்டும் என்பது விதி. நாலைந்தைப் பார்த்துவிட்டு "கணுவில் நோய் இல்லை" என்று எழுதினால் அந்த "இல்லை"யை அப்படியே நம்ப ஏலாது.

முதல் 30 நாளுக்கு வேறு கணக்கு. 2004இல் பிரித்தானிய வைத்தியசாலைத் தரவுகளிலிருந்து வந்த சீ.ஆர்.பொசம் என்ற புள்ளி முறை 10 விசயங்களைப் பார்க்கிறது: வயது, இதயத்தின் நிலை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, யூரியா, ஹீமோகுளோபின், பிறகு சத்திரசிகிச்சை எவ்வளவு பெரியது, அவசரமானதா, வயிற்றுக்குள் அழுக்குச் சிந்தியிருந்ததா, நோய் எந்த நிலை. சத்திரசிகிச்சைக்குப் பிறகு எல்லாரும் பயப்படுவது, குடலைப் பொருத்தித் தைத்த இடம் கசிவதற்கு. 3ஆம், 4ஆம் நாட்களில் இரத்தத்தில் சி.ஆர்.பி. குறைவாக இருந்தால் கசிவு இருக்க வாய்ப்புக் குறைவு. கூடியிருந்தால் கசிவுதான் என்று முடிவு கட்ட ஏலாது, தேடிப் பார்க்கவேண்டும்.

அந்தப் 10 விசயத்தையும் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ. வயதை மாற்ற ஏலாது. ஹீமோகுளோபினை மாற்றலாம். அவசரத்தையும் பல நேரம் மாற்றலாம். மலத்தோடு இரத்தம் போவதை "மூலவருத்தம்" என்று ஆறு மாதம் மறைத்து, குடல் அடைத்து வயிறு வீங்கிய பிறகு நடுச்சாமத்தில் பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோ பிடிப்பது ஒன்று. திகதி போட்டு, பையோடு தானே நடந்து போய் வார்ட்டில் படுப்பது வேறொன்று. மனிதர் ஒருவர்தான், கணக்கு வேறு.

அதாவது இந்தக் கணிப்பு தலையெழுத்து இல்லை. அதன் ஒரு பகுதி நோயாளியின் கையில் இருக்கிறது. 2023இல் வெளியான 'பிரிஹாப்' ஆய்வில் பெருங்குடல் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 251 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு 4 வாரம் கடும் உடற்பயிற்சி, புரதச் சாப்பாடு, மனத்துக்கு ஆதரவு, சிகரெட்டை விட உதவி. மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. ஆயத்தம் செய்தவர்களில் 17 வீதமானவர்களுக்குத்தான் பாரதூரமான சிக்கல் வந்தது, மற்றப் பக்கம் கிட்டத்தட்ட 30 வீதம். 2025இல் 'சலேஞ்ச்' ஆய்வு வந்தது. அதில் 889 பேர், பெரும்பாலானோர் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும். சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்தபின் 3 வருடம் ஒழுங்கான உடற்பயிற்சித் திட்டத்தில் இருந்தவர்களில் 80 வீதமானோர் 5 வருடத்தில் நோயில்லாமல் இருந்தார்கள். வெறும் ஆலோசனைப் புத்தகம் மட்டும் வாங்கிப்போனவர்களில் அது 74 வீதம். பெரும்பாலானோர் செய்தது வேகநடை.

இனி எங்கட வீட்டுக்கு வாருங்கோ. "சின்னக் கட்டி" என்று நம்பியிருக்கிற மனிதரிடம் போய், "அப்பா, நாளைக்கு விடியத் தொடங்கி ஒவ்வொரு நாளும் கோயில் வீதியை நாலுதரம் வேகமாச் சுத்துங்கோ, சிகரெட்டை இண்டைக்கே விடுங்கோ" என்றால் ஏன் செய்யப்போகிறார்? அதைவிட, நாங்கள் செய்வது நேரெதிர். வீட்டுக்கு வந்த உடனே "அசையாமல் படுங்கோ", மூன்று மாதத்துக்குப் பத்தியம், கிணற்றடிக்குப் போகவும் ஆள் துணை. தசை கரைந்து, பசி செத்து, அடுத்த கீமோவைத் தாங்க ஏலாமல் போகும்போது "பாவம், அவற்றை விதி" என்கிறோம்.

திரும்பிப் பார்க்கிற கிளினிக்கும் அப்படித்தான். நோய் திரும்புவது பெரும்பாலும் முதல் 2, 3 வருடங்களுக்குள். அதனால்தான் அந்தக் காலத்தில் சில மாதத்துக்கு ஒருக்கா சி.ஈ.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை, இடைக்கிடை ஸ்கான், ஒரு வருடத்தில் கொலனோஸ்கோப்பி. முன்பு இதற்கெல்லாம் மகரகமவுக்குப் பஸ் ஏறினவர்கள் எத்தனையோ பேர். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், 670 கிலோமீற்றர் 'ட்ரெயில்' நடைபவனி நடந்து, சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் போட்ட காசில் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டடம் எழும்பியது. தூரம் குறைந்தது. ஆனால் கட்டியை எடுத்தாச்சு, இனியென்ன கிளினிக் என்று நினைக்கிறவருக்குத் தெல்லிப்பழையும் தூரம்தான்.

"சொன்னால் பயத்திலேயே செத்துப்போவார்" என்பதை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. இலக்கம் பயமுறுத்தும். ஆனால் அதைத் தனியாகப் பிய்த்துக் கொடுத்தால்தான் கூடப் பயமுறுத்தும். அமெரிக்க உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வேறொரு அரிய புற்றுநோய் வந்தது. நூலகத்தில் தேடியபோது கிடைத்த இடைநிலை ஆயுள் 8 மாதம். அவர் புள்ளிவிபரம் தெரிந்த ஆள். 8 மாதம் இடைநிலை என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டியும் இருக்கிறார்கள், அந்தப் பாதியின் வால் பல வருடத்துக்கு நீளும் என்று விளங்கிக்கொண்டார். 1985இல் அதைக் கட்டுரையாக எழுதினார். 2002 வரை இருந்தார். எல்லாரும் கூல்ட் ஆகமாட்டார்கள், உண்மைதான். இலக்கத்தோடு அதன் விளக்கத்தையும் கேட்கவேண்டும் என்பதற்குத்தான் சொல்கிறோம்.

இன்னொன்று, அந்த இலக்கங்கள் ஆருடையவை? ராகமையில் பேராசிரியர் கெமால் டீனின் அணி வருடக்கணக்காகப் பெருங்குடல் புற்றுநோயாளரின் பதிவுகளைச் சேர்த்தபோது, 50 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பங்கு கணிசமாக இருந்தது. வயது கூடின பிரித்தானியர்களை வைத்துச் செய்த கணக்கு 42 வயது வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு எவ்வளவு பொருந்தும்? எங்கட ஆட்களைத் தொடர்ந்து கவனித்துப் பதிந்தால்தான் எங்கட கணக்கு வரும். நோயின் பெயரையே தெரியாத நோயாளியை எந்தப் பதிவேட்டால் 5 வருடம் பின்தொடரலாம்?

சொல்ல வேண்டாம் என்கிறவர்களும் இருக்கிறார்கள், நோயாளிகளிலேயே. அது அவர்களின் விருப்பம். ஆனால் "உங்கட வருத்தத்தைப் பற்றி எவ்வளவு தெரியவேணும்?" என்று அவரிடம் ஒருக்கா கேட்டுவிட்டு அந்த முடிவை எடுக்கலாம். எங்களுக்குத் தெரிந்த வீடுகளில் அந்தக் கேள்வி நோயாளியிடம் போவதேயில்லை. மகன் டொக்டரின் அறை வாசலில் நின்று "அப்பாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்" என்று கெஞ்சுவார். வெளியில் 80 பேர் காத்திருக்கிற கிளினிக்கில் டொக்டரும் தலையாட்டிவிடுவார்.

இதில் எங்கட வயதுக்காரருக்கு ஒரு வேலை இருக்கிறது. நோயியல் அறிக்கை ஆங்கிலத்தில்தான் வரும். மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், சத்திரசிகிச்சை நூலைத் தமிழாக்கி 'இரண வைத்தியம்' என்று 1867இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் போய்விட்டது, மானிப்பாய்க்காரரின் குடலைப் பற்றின காகிதத்தை அவரே வாசிக்க ஏலாது. ஆகவே அது கம்பஸ் படிக்கிற பிள்ளையின் கைக்கு வரும். "பிள்ளை, இதில என்ன கிடக்கு எண்டு வாசிச்சுச் சொல்லு."

வாசிக்கும்போது டி, என் என்ற எழுத்துகளுக்குப் பக்கத்து இலக்கங்களைப் பாருங்கோ. எத்தனை கணு சோதித்தார்கள், எத்தனையில் நோய், வெட்டின விளிம்பில் மிச்சம் உண்டா என்று பாருங்கோ. விளங்காததைக் குறித்துக்கொண்டு அடுத்த கிளினிக்குக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு அறைக்குள் போங்கோ. அவர் வெளியில் வாங்கிலில் இருக்க நீங்கள் மட்டும் போகவேண்டாம்.

அந்தக் காகிதத்தில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. பெற்றாருக்கோ கூடப்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் வந்தால், 40 வயதில் அல்லது அவருக்கு நோய் பிடிபட்ட வயதுக்கு 10 வருடம் முன்னதாக, எது முந்தியோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்யச் சொல்கின்றன மருத்துவ வழிகாட்டிகள். அப்பாவுக்கு 46 என்றால் உங்களுக்கு 36. அப்பாவின் தம்பிக்கு அந்த வயது எப்போதோ தாண்டியிருக்கும். லண்டனில் இருக்கிற அந்தச் சித்தப்பாவுக்கும் சொல்லியாகவேண்டும், அக்காவின் கலியாணப் பேச்சு முடியட்டும் என்று காத்திராமல்.