ஒருவருக்கு மட்டும் தனித் தட்டு வேண்டாம்

எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் கூறிய மறுநாளே பல வீடுகளில் நோயாளிக்கு மட்டும் சோறு நிறுத்தப்படுகிறது. காலையில் கொள்ளுத் தண்ணீர், இரவில் பட்டினி. வீட்டார் அனைவரும் வழக்கம்போல உண்ண, அவர் மட்டும் இரண்டு வெள்ளரித் துண்டுகளோடு எழுந்துவிடுகிறார். இந்நிலை ஓரிரு மாதங்களுக்கு மேல் நீடிப்பது அரிது. குறைந்த எடை மீள்கிறது. "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்ற பழியும் சேர்கிறது. அந்தப் பழி நியாயமற்றது என்பதே எங்கள் கருத்து.

பட்டினிக்கு உடல் எதிர்வினை புரிகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் மிகக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்குப் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் ஓராண்டுக்குப் பின்னும் உயர்ந்தே இருந்தன. எனவே எடை திரும்புவதை மனவுறுதியின் குறையாக மட்டும் கருதலாகாது.

மாற்று வழிக்குச் சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடைபெற்று 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். நாள்தோறும் நடந்து, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்தவர்களுள் அது 39.3 விழுக்காடு. இவர்களின் எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. எடைக்கருவியின் முள் அசையவில்லை என்பதற்காக நல்ல பழக்கத்தைக் கைவிடுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.

இது சிலருடைய சிக்கலும் அன்று. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் மிகை எடை உள்ளோர் 2015–16இல் 30.9 விழுக்காடு, 2019–21இல் 40.4 விழுக்காடு. ஆகவே மாற வேண்டியது ஒருவருடைய தட்டு அன்று, வீட்டின் அடுப்பே.

அதற்கு வெள்ளகோவிலில் அயல்நாட்டு ஓட்சைத் தேட வேண்டியதில்லை. கம்பும் சோளமும் நம் மானாவாரிக் காடுகள் நமக்குப் பழக்கிய உணவு. முருங்கை நம் தோட்டங்களில் விளைகிறது. தட்டைப்பயறும் கொள்ளும் பச்சைப்பயறும் கடையும் வழக்கம் இன்றும் இருக்கிறது. சோற்றை விலக்காமல், வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அவ்விடத்தைக் கடைந்த பயறாலும் கீரையாலும் காயாலும் நிரப்பினால் பசியடங்கும். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் பயறு, கீரையின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். கொள்ளு நல்ல உணவு. ஆனால் பழைய அளவுச் சோற்றுக்கு மேல் கொள்ளுத் தண்ணீரையும் குடிப்பதால் கொழுப்பு கரையாது.

தறிக்கூடத்தில் ஒரு ஷிப்டுக்குள் நான்கு தேநீர் அருந்துபவர், ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்றால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 160 கலோரியைத் தேநீரிலேயே பெறுகிறார். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், அது செக்கெண்ணெயே ஆயினும், சுமார் 120 கலோரி உண்டு. இவற்றைச் சிறிது சிறிதாகக் குறைப்பது எவரையும் பட்டினி போடாது. அதனோடு நாள்தோறும் அரைமணி நேர நடையும் சேரட்டும். வெயில் தாழ்ந்தபின் குடும்பத்தில் ஒருவர் உடன் நடந்தால் அப்பழக்கம் நிலைக்கும்.

எண்பது கிலோ எடையுள்ளவர் ஆறு மாதத்தில் நான்கைந்து கிலோ குறைத்தால் அதுவே பெரும் பயன். இடுப்புச் சுற்றளவையும் மாதமொருமுறை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளாக இருப்பது நலம்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுவோரும், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை உண்போரும் வேளை உணவைத் தவிர்த்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் அதன் அறிகுறிகள். உணவை மாற்றுமுன் மருந்தின் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். முயற்சியின்றியே எடை குறைந்தால் மகிழாமல் உடனே பரிசோதனைக்கு வாருங்கள்.

உடனிருப்போரிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை உணவு ஆலோசனைக்கு வரும்போது, வீட்டில் சமைப்பவர் எவரோ அவரையும் அழைத்து வாருங்கள். நோயாளியிடம் மட்டும் சொல்லப்படும் அறிவுரை மருந்துச்சீட்டோடு மடிந்துபோகும். சமைப்பவர் கேட்ட அறிவுரை அன்று மாலையே உலைக்கு வந்துவிடும்.