தோட்டா பாய்வதில்லை

மயிலாடியில் சிற்பிகளின் சுத்தியலோசை கேட்டு வளர்ந்தவன் நான். அண்மையில் அறிந்த 'குண்டு பிடுங்கி'யும் ஒரு சுத்தியலே. சுட்ட கூட்டில் மருந்திட்டு மீண்டும் தோட்டா செய்யும் அமெரிக்க வேட்டைக்காரர்கள், பிழையாக அமைந்ததைப் பிரிக்க இதனைக் கையாள்கின்றனர். தோட்டாவை இதன் தலையில் பொருத்திக் கெட்டியான பரப்பில் தட்டினால் கூடு நின்றுவிடும். குண்டு வந்த வேகத்திலேயே கழன்றுவிழும், மருந்தும் கொட்டும். விளிம்பில் தீமருந்துள்ள தோட்டாவை மட்டும் இதிலிடலாகாது, வெடித்துவிடக்கூடும்.

கூடு, தீமூட்டி, மருந்து, குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. நம் நாளிதழ்களோ 'தோட்டா பாய்ந்தது' என்றெழுதுகின்றன. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். கழுத்தில் பாய்ந்தது குண்டு. உடலில் எடுத்தது குண்டா, தரையில் கிடந்தது கூடா என்பதில் வழக்கின் முடிவே மாறலாம். சுத்தியல் பிரித்துக் காட்டுவதைச் சொல் குழப்பலாமா, நண்பர்களே?