பேய்க்கு யார் வாரிசு?

செத்தவனை எழுப்பிக் காசு பார்க்கிற தொழில் ஒன்று சினிமாவில் உண்டு. முகமூடி போட்டவன், கையில் கத்தியோ கொக்கியோ வைத்திருப்பவன், ஒவ்வொரு படத்தின் கடைசியிலும் சாவான். அடுத்த படத்தில் எழுந்து வருவான். அமெரிக்காக்காரன் இதற்கு ‘ஸ்லாஷர்’ என்று பேர் வைத்திருக்கிறான். 1978இல் வந்த ‘ஹாலோவீன்’ கொலைகாரனுக்கு நாற்பது வருஷம் கழித்து, 2018இல், மறுபடி உயிர் கொடுத்தார்கள். நடுவில் வந்த பாகங்கள் எதுவும் நடக்கவே இல்லை என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு முதல் படத்துக்கு நேர் அடுத்ததாக ஆரம்பித்தார்கள். (பெரிய முதலாளிகளின் வராக்கடனை வங்கிகள் தள்ளுபடி செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். குமாஸ்தாவாக இருந்து பார்க்கிறவன் சொல்கிறேன்.) 1996இல் வந்த ‘ஸ்க்ரீம்’ 2022இல் திரும்பி வந்தது. புதுத் தலைமுறைக்குப் பழைய பயத்தைப் புதுசாகக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

இதில் நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணன் மகன் நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்காமல் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். பாலிடெக்னிக் படித்துவிட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் காண்ட்ராக்ட் கூலியாக இருக்கிறான். ஓடிக்கொண்டிருந்தது ‘காஞ்சனா’. எத்தனையாவது தடவையோ. வசனத்தை முன்கூட்டியே சொல்லிச் சொல்லி வீடே சிரித்துக்கொண்டிருந்தது, நானும்தான். பேய் தன் கதையைச் சொல்லுகிற இடம் வந்ததும் சத்தம் அடங்கிப்போனது. அப்போது அவன் கேட்டான்:

“ஏன் சித்தப்பா, இது நெலத்துக்காகத்தான செத்துச்சு? எம்.எல்.ஏ. தான புடுங்குனான்? நேரா அவன் ஊட்டுக்குப் போவாம, இன்னாத்துக்கு இந்தக் குடும்பத்தப் போட்டு ரெண்டு மணி நேரம் மெரட்டுது?”

“படம் ஓட வேணாமாடா” என்றேன். வாய்க்கு வந்த பதில். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து நோட்டு எண்ணும்போதும் கூடவே வந்தது.

கத்தி வைத்த முகமூடிக்காரன் நம் ஊரில் தொடராக நின்றதில்லை. ‘சிகப்பு ரோஜாக்கள்’ (1978), ‘நூறாவது நாள்’ (1984) மாதிரி தனித்தனிப் படங்கள் ஓடின, அவ்வளவுதான். இங்கே பாகம் பாகமாக ஓடுவது பேய். ராகவா லாரன்ஸ் 2007இல் ‘முனி’ எடுத்தார். 2011இல் ‘காஞ்சனா’, 2015இல் ‘காஞ்சனா 2’, 2019இல் ‘காஞ்சனா 3’. 2020இல் அக்‌ஷய் குமாரை வைத்து இந்தியில் ‘லக்ஷ்மி’. நான்காவது காஞ்சனாவுக்கும் வேலை நடந்திருக்கிறது. ‘முனி’ வந்தபோது பிறந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். ஒரு முழுத் தலைமுறை இந்தப் பேயோடு வளர்ந்திருக்கிறது.

அந்த முதல் பேய் யார்? முனியாண்டி. ராஜ்கிரண் நடித்த வேஷம். குடிசைப் பகுதியில் இருந்தவன். ஓர் அரசியல்வாதியை நம்பித் தன் சனங்களிடம் ஓட்டுக் கேட்டவன். ஏமாற்றப்பட்டான், கொல்லப்பட்டான். என்ன சாதி என்று படம் சொல்லாது. குடிசை என்று சொன்னால் போதும், பார்க்கிறவனுக்குத் தெரியும் என்பது தமிழ் சினிமாவின் பழைய சௌகரியம். இரண்டாவது பேய் காஞ்சனா, சரத்குமார் நடித்த திருநங்கை. பெற்றவர்களால் துரத்தப்பட்டவள், ஆஸ்பத்திரி கட்டுவதற்கு வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்பட்டு அந்த நிலத்திலேயே புதைக்கப்பட்டவள். ஒரு பெரிய வணிகப் படத்தில் திருநங்கையின் கோபத்துக்கு அத்தனை கைதட்டல் விழுந்தது சாதாரண விஷயமில்லை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் பாகம் ஏற ஏற என்ன தங்கியது, என்ன போனது என்று பாருங்கள். தங்கியது: ஆறு மணிக்கு மேல் நடுங்குகிற நாயகன், கோவை சரளாவின் இடுப்பில் ஏறி உட்காருவது, எலுமிச்சம்பழம், கடைசியில் சாமி முன்னால் ஆட்டம். போனது: குடிசை, பட்டா, ஓட்டு. மூன்றாவது காஞ்சனாவில் நாயகனைச் சுற்றி மூன்று முறைப்பெண்கள் இருக்கிறார்கள். முனியாண்டியின் சனங்கள் அந்த மனையில் வீடு கட்டினார்களா, கலைத்து எங்காவது தூக்கிப் போடப்பட்டார்களா? கூவக் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போன சனங்களைக் கேட்டால் இரண்டாம் பாகத்துக்குக் கதை கிடைத்திருக்கும்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். 1992இல் ‘கேண்டிமேன்’ என்று ஒரு ஸ்லாஷர். மூலக்கதையை எழுதியவர் கிளைவ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர். பெர்னார்ட் ரோஸ் அதை சிக்காகோவில் ஏழைக் கறுப்பர்கள் வாழ்ந்த கேப்ரினி-கிரீன் அடுக்கு வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். பேயின் கதை இது. அடிமையின் மகன், ஓவியன். வெள்ளை நிலக்கிழாரின் மகளைப் படம் வரையப் போனவன் அவளைக் காதலித்தான். கும்பல் துரத்திப் பிடித்துக் கையை ரம்பத்தால் அறுத்தது. உடம்பில் தேன் தடவித் தேனீக்களுக்குக் கொடுத்தது. எரித்துச் சாம்பலைத் தூவிய இடத்தில்தான் அந்தக் குடியிருப்பு. கண்ணாடி முன்னால் அவன் பெயரை ஐந்து தடவை சொன்னால் கொக்கிக் கையோடு வருவான்.

படித்தவுடன் உங்களுக்கு மதுரை வீரன் ஞாபகம் வரவில்லையா? பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன், வெள்ளையம்மாளுக்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். காத்தவராயன் ஞாபகம் வரவில்லையா? ஆரியமாலாவுக்காகக் கழுவில் ஏறியவன். எங்கள் ஆயா இந்தக் கதைகளைத் தெருக்கூத்தில் பார்த்துவிட்டு வந்து விடிய விடியச் சொல்லும். நமக்கு ஸ்லாஷர் ஹாலிவுட்டில் இருந்து வரவில்லை தோழர்களே. வெட்டப்பட்டவனைச் சாமியாக்கிக் கும்பிடுகிற சனங்கள் நாம்.

முதல் ‘கேண்டிமேன்’ படத்தில் என் அண்ணன் மகனின் கேள்வி அப்படியே இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் கொன்ற கறுப்பனின் பேய், அந்தக் குடியிருப்பின் ஏழைக் கறுப்பர்களை நடுங்க வைக்கிறது. ஏன்? கதையின் நடுவில் நிற்பவளோ வெள்ளைக்கார ஆய்வு மாணவி ஹெலன். சேரிக்கு வந்து நாட்டார் கதை சேகரித்துப் பட்டம் வாங்கிப் போகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன. கடைசியில் தூக்கிப் போகப்பட்ட ஒரு கறுப்புக் குழந்தையைக் காப்பாற்றி அவள் சாகிறாள், அவளே புதிய பேயாகிறாள். 1995லும் 1999லும் வந்த அடுத்த பாகங்களில் அவனுடைய வம்சம் என்று காட்டப்பட்டவர்களும் வெள்ளைப் பெண்கள்தான். காதலியின் வழிவந்த பிள்ளைகளாம். வாரிசுச் சான்றிதழ் பார்த்துப் பார்த்துக் கண் பழுத்த எனக்கு இந்த இடத்தில் சிரிப்புதான் வந்தது. கையறுபட்டவன் ஒருவன், சொத்து போன இடம் வேறு.

2021இல் நியா டகோஸ்டா என்ற கறுப்பினப் பெண் அந்தத் தொடரை மறுபடி எடுத்தார். ஜோர்டன் பீல் கூட இருந்து எழுதினார். ஒரு கறுப்பினப் பெண் இயக்கிய படம் அமெரிக்க வசூலில் முதலிடத்தில் தொடங்கியது அதுதான் முதல் தடவை. அவர்கள் செய்த காரியம் என்ன? 1992 படத்தில் காப்பாற்றப்பட்ட அந்தக் குழந்தையைத் தேடிப் பிடித்தார்கள். அவன் வளர்ந்து ஓவியனாக இருக்கிறான். அவன்தான் வாரிசு. அப்புறம், பேய் ஓர் ஆள் இல்லை என்றார்கள். 1977இல் போலீஸ் அடித்தே கொன்ற ஒரு குற்றமற்ற கறுப்பன், அவனுக்கு முன்னால் கும்பல் கொன்ற இன்னொருவன், அதற்கும் முன்னால் இன்னொருவன். தேன்கூடு மாதிரி. அந்தப் பழங்கதைகளை நிழற்பாவைகளாகக் காட்டுகிறார்கள், நம் தோல்பாவைக் கூத்துப் போல. முடிவில் கொக்கி போலீஸ்காரர்கள் பக்கம் திரும்புகிறது. நடந்ததை எல்லாருக்கும் போய்ச் சொல் என்று பேய் ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கிறது.

குறை இல்லாத படமா? இல்லை. வசனத்தில் பாடம் நடத்துகிறார்கள். ஓவியக்கூடத்து மேல்தட்டு ஆட்களைச் சுற்றியே கேமரா போகிறது. கேப்ரினி-கிரீனின் கடைசி அடுக்குமாடி 2011இல் இடிக்கப்பட்டது. அங்கிருந்து துரத்தப்பட்ட குடும்பங்களில் ஒன்றையாவது நெருங்கிக் காட்டியிருக்கலாம். ஆனாலும் ஒன்றைச் சரியாகச் செய்தார்கள். பேய் யாரைப் பயமுறுத்த வேண்டுமோ அவர்கள் பக்கம் அதைத் திருப்பி நிறுத்தினார்கள்.

நம்மிடம் மறுபிறவி எப்படி நடந்தது? 1956இல் ‘மதுரை வீரன்’ படம். எம்.ஜி.ஆர். நடித்தது. அதில் வீரன் காசி ராஜாவின் பிள்ளை. காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைக்கும் தம்பதியால் வளர்க்கப்படுகிறான். என்.எஸ். கிருஷ்ணனும் மதுரமும் அந்தத் தம்பதி. கதைப்பாடலிலேயே ஒட்டவைக்கப்பட்ட ராஜ பிறப்பைச் சினிமா கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது. வெட்டியவனைப் பற்றிய கேள்வி போய், வெட்டுப்பட்டவன் யார் பிள்ளை என்ற கேள்வி முன்னால் வந்துவிட்டது. இன்றைக்கும் அவன் சன்னதி மீனாட்சி கோயிலின் கிழக்கு வாசலுக்கு வெளியேதான்.

உண்மையான ஸ்லாஷர் வில்லனைத் தமிழில் காட்டியவர் மாரி செல்வராஜ். ‘பரியேறும் பெருமாள்’ (2018) படத்தில் வருகிற அந்தக் கிழவன். முகமூடி இல்லை, பின்னணியில் அலறல் இல்லை. சாதி கெடாமல் காக்கிற ஊழியம் என்று நினைத்து ஒவ்வொருவராகக் கொல்கிறான், விபத்து போலவும் தற்கொலை போலவும். இளவரசனின் உடல் 2013இல் தர்மபுரியில் தண்டவாளத்து ஓரம் கிடந்தது. கோகுல்ராஜின் உடல் 2015இல் தண்டவாளத்தில் கிடந்தது, தலை வேறு உடல் வேறாக. உடுமலை சங்கரை 2016இல் பட்டப்பகலில், பஸ் நிலையத்தருகே, கேமரா பார்த்துக்கொண்டிருக்க வெட்டினார்கள். இந்த மண்ணில் கொலைப்படம் எடுக்கிறவனுக்குக் கற்பனை எதற்கு?

மறுபடி நிலத்துக்கு வருகிறேன், பேய் அங்கேதான் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. திருவள்ளூரும் அன்று அந்த மாவட்டம்தான். காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய்க் கண்டிகை என்று ஒரு ஊர், தலித்துகள் பெரும்பான்மையாக இருக்கிற ஊர். மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய, ஏரிக்குத் தண்ணீர் கொடுத்த 1,127 ஏக்கர் சிப்காட் பூங்காவாகப் போனது. ‘முனி’ வந்த அதே வருஷங்களில்தான் அந்தச் சனங்கள் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். 2009இல் மிச்செலின் டயர் கம்பெனி அரசோடு ஒப்பந்தம் போட்டது. 2012இல் புகார் பிரான்ஸ் வரைக்கும் போனது. தொழிற்சாலை நிற்கிறது.

அந்தப் பக்கத்து அம்மா ஒருவர் எங்கள் வங்கிக்கு நூறுநாள் வேலைக் கூலி எடுக்க வருவார். முன்பெல்லாம் மாட்டுக்கடன் வாங்குவார், ஒழுங்காகக் கட்டுவார். “இப்ப ஏம்மா வாங்கறதில்ல?” என்று ஒருநாள் கேட்டேன். “வாங்கி எங்க சார் கட்டறது, உங்க கவுண்டர்லயா?” என்றார். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை.

முனியைப் புதுத் தலைமுறைக்குக் கொண்டுவருகிறேன் என்று யாராவது கிளம்பினால் இந்த இடத்துக்கு வரட்டும். உரிமை வாங்கி வைத்திருப்பவன் வேறு, வாரிசு வேறு. எலுமிச்சம்பழத்தை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். பட்டாவை எங்கள் பிள்ளைகள் கையில் கொடுத்தால் போதும், படத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எடுக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் மகனும் அவன் ஷிப்ட்டுப் பையன்கள் நாலு பேரும் செல்போனில் இருபது நிமிஷப் பேய்ப் படம் எடுக்கிறார்களாம். ஒடிசாப் பையன் ஒருவன் பேயாக நடிக்கிறான். மேய்க்கால் நிலத்துப் பேய். குடும்பத்தை மிரட்டாது, சர்வே கல்லைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டே இருக்கும். எனக்குப் பிடித்திருந்தது. கல்லைப் பிடுங்குகிற பேய் பயமுறுத்துமா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது, சொன்னேன். “பயப்பட வேண்டியவனுக்குப் பயமாத்தான் இருக்கும்” என்றான். என்னைப் பாட்டு எழுதச் சொன்னான், காசு கிடையாதாம்.

“பேய்க்குப் பேரு மட்டும் சிக்கல சித்தப்பா. முனின்னு வெக்கக் கூடாது, அது அவங்க பேரு. நீ சொல்லேன்.”

நான் சொல்லவில்லை. அந்த அம்மா கூலி எடுக்க வரும்போது கேட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அந்த நிலத்தில் செத்தவர்களை அவருக்குத்தான் தெரியும்.