காட்டை வெட்டியவன் பேரனுக்குக் காடு அயலா?

பகாங் மாநிலத்தில் ஜெராண்டுட் என்றொரு நகரம் உண்டு. அதனை அடுத்த குவாலா தெம்பிலிங் படகுத்துறையில், முதுகில் பெரும்பை சுமந்த வெளிநாட்டு இளைஞர்கள் வந்து கூடுவது பல்லாண்டுகளாக நிகழ்ந்துவரும் காட்சி. செருமனி, ஆலந்து, பிரான்சு, ஆஸ்திரேலியா என எங்கெங்கிருந்தோ வருகின்றனர். நீண்டு ஒடுங்கிய மரப்படகில் அமர்ந்து, தெம்பிலிங் ஆற்றின் நீரோட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் செல்கின்றனர். அதற்கு 3 மணி நேரம் ஆகும். நீரில் கிடக்கும் எருமைகளையும், நீர்மேல் பாயும் மீன்கொத்திகளையும், கரையில் வெயில் காயும் உடும்புகளையும் கண்டு வியக்கின்றனர். பயண முடிவில் குவாலா தஹான் என்னும் சிற்றூர். மிதவைகளின்மேல் உணவுக்கடைகள், எதிர்க்கரையில் பகாங், கிளந்தான், திரங்கானு ஆகிய மூன்று மாநிலங்களில் 4,343 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கும் தாமான் நெகாரா என்னும் பெருங்காடு. இன்று அவ்வூருக்குத் தார்ச்சாலையும் உண்டு. ஆயினும் ஆற்று வழியே செல்வதில் ஓர் இன்பம் காண்கின்றனர் அவ்விளைஞர்கள்.

கடல் கடந்து வருவோர் வரட்டும். நெகிரி செம்பிலானில், ரந்தாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அக்காடு எங்கே இருக்கிறது என்பதேனும் தெரியுமா? ரந்தாவிலோ சிலியாவிலோ ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கேட்டுப் பார்க்கலாம். விடுமுறையில் சென்ற இடங்களாகப் பத்துமலை, பினாங்கு, கெந்திங் மலை, கோலாலம்பூர்க் கடைத்தொகுதிகள் என்று வரிசையாகப் பெயர்கள் வரும். தெம்பிலிங் என்னும் பெயர் வருவது அரிது. 'காட்டைப் பார்க்கக் காசு கொடுப்பதா? அது வேலையற்ற வெள்ளைக்காரன் வேலை. தாத்தா காட்டிலே பட்டது போதாதா?' என்று பெரியவர்கள் கேட்பர்.

இக்கேள்வியை ஏளனம் செய்து ஒதுக்குவது நேர்மையாகாது. அதனுள் ஒரு வரலாறு புதைந்து கிடக்கிறது.

தோட்டத்துத் தமிழன் காட்டை முதன்முதலில் சந்தித்தது கோடரியோடுதான். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பெருங்காடுகள் வெட்டப்பட்டுக் கொளுத்தப்பட்டு, அச்சாம்பலின்மேல் பால்மரக் கன்றுகள் நடப்பட்டன. வெட்டிய காட்டில் தேங்கிய நீரில் கொசு பெருகிற்று. மலேரியாக் காய்ச்சல் லயங்களைச் சூறையாடிற்று. பின்னர் 1942ஆம் ஆண்டு வந்தது. கிழக்குக்கரை இரயில் பாதையின் தண்டவாளங்களில் ஒரு பகுதியைப் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டு சென்ற சப்பானியர், தோட்டங்களிலிருந்து தமிழரையும் கொண்டு சென்றனர். தண்டவாளத்தையாவது கணக்கெழுதினர், மனிதரை எழுதினாரில்லை. சயாம் காட்டில் மாண்டவர்களின் பிள்ளைகளுக்குக் காடு என்ற சொல்லே சுடுகாடு என்று கேட்டதில் வியப்பில்லை. அவர்கள் கண்ணீர் உலருமுன் 1948இல் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை காட்டோரம் என்பது துப்பாக்கியின் எல்லை. முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்ட தொழிலாளி, கட்டுச்சோற்றை வேலைக்காட்டுக்கு எடுத்துச் செல்லவும் தடை இருந்தது. இத்தனையும் பட்ட ஒரு சமுதாயம் காட்டுக்கு முதுகைக் காட்டிற்று எனில், அதனைக் குற்றம் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

ஆனால் அச்சத்துக்கும் ஒரு காலவரையறை உண்டு. மலேரியா அடங்கிற்று, போர் ஓய்ந்தது, அவசரகாலம் முடிந்து அறுபதாண்டுகளுக்கு மேலாயிற்று. பட்டவனுக்கு அச்சம் அறிவாக இருந்தது. அவன் பேரனுக்கு அதுவே அறியாமையாக மாறிவிட்டது. பாட்டன் காட்டை அறிந்து அஞ்சினான். பேரனோ அறியாமலே அஞ்சுகிறான். பாட்டனுக்கு மரத்தின் பட்டையைத் தட்டிப் பெயர் சொல்லத் தெரிந்திருந்தது. மெராந்தி, செங்கால், கெருயிங் என்று மலாய்ப் பெயர்களையே தமிழாக்கிப் பேசினான். பேரனுக்குத் தெரிந்த மரங்கள் இரண்டு: பால்மரம், செம்பனை. இரண்டும் இம்மண்ணில் பிறந்தவை அல்ல.

பால்மரத்தின் கதையையே எடுத்துக்கொள்ளலாம். தென்னமெரிக்காவில் அமேசான் ஆற்றுப் படுகையிலிருந்து 1876இல் ஹென்றி விக்காம் என்பார் அதன் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் முளைத்த வழியில் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூரை அடைந்தன. பெருங்காட்டு ஆற்றங்கரையொன்றில் பிறந்த மரம், இன்னொரு பெருங்காட்டை அழித்து இங்கே வரிசையாக நின்றது. அந்த மரத்தை நம்பிக் கப்பலேறி வந்தவனின் வழித்தோன்றலுக்கு, எந்தக் காட்டிலிருந்து தன் சோறு வந்தது என்பதும் தெரியாது. எந்தக் காடு தன் சோற்றுக்காக மறைந்தது என்பதும் தெரியாது. இதனினும் பெரிய கல்விக் குறை ஒன்று இருக்க முடியுமா?

குவாலா தஹானில் நடைபெறும் ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கு வரும் பயணிகளுக்கு 'இரவு உலா' என்று ஓர் ஏற்பாடு உண்டு. இருட்டிய பிறகு திறந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு, கைவிளக்கை வீசியடித்து, விலங்குகளைத் தேடிக் காட்டுவர். அவ்வண்டி செல்வது காட்டுக்குள் என்று எண்ணிவிட வேண்டா. செம்பனைத் தோட்டத்துக்குள்! காட்டுப்பூனை, புனுகுப்பூனை, ஆந்தை, மரத்தைச் சுற்றிய பாம்பு ஆகியவற்றைக் காண்பதற்காக, பல்லாயிரம் மைல் கடந்து வந்தோர் பணம் கொடுத்துச் செம்பனை வரிசைகளுக்கிடையே சுற்றுகின்றனர். அதே ஆந்தை ரந்தாவ்த் தோட்டத்து வீட்டின் பின்புறம் அலறும்போது, 'கெட்ட சகுனம்' என்று கதவைச் சாத்துகின்றனர். எலியைத் தின்று செம்பனைக் குலையைக் காக்கும் பறவை அது என்று பிள்ளைக்குச் சொல்வாரில்லை. கண்ணெதிரே இருப்பதைக் காணும் கண்ணை இழந்தவன், கண் பெற்றவனை வேலையற்றவன் என்று கேலி பேசுவது எத்தகைய பேதைமை!

தமிழ்க் கல்வியின் நிலையும் இதுவேதான். குறிஞ்சி மலை, முல்லை காடு, மருதம் வயல், நெய்தல் கடல் என்று மாணவன் தடங்கலின்றி ஒப்பிக்கிறான். நிலத்தைப் பெயரிட்டு, அந்நிலத்துப் பூவையும் புள்ளையும் விலங்கையும் நீரையும் வகுத்து, அவற்றின் வழியே மனிதனின் உள்ளத்தைப் பாடிய இலக்கியம் அவனுடையது. ஆனால் முல்லை என்றால் அவனுக்குத் தேர்வுத்தாளின் ஒரு கோடிட்ட இடம். வாழ்நாளில் ஒருமுறையேனும் உயர்ந்த காட்டின் நிழலில் நின்று, துவாலாங் மரத்தின் உச்சியை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்தவனுக்கன்றோ திணை என்னும் சொல் உயிர் பெறும்! இருவாட்சிப் பறவை சிறகடிக்கும் ஓசை தொலைவிலிருந்தே கேட்கும். அதனை ஒருமுறை கேட்ட பிள்ளைக்கு இலக்கியம் கற்பிப்பது எளிது. கேளாத பிள்ளைக்குச் சொற்பொருள் மட்டுமே கற்பிக்கலாம்.

ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளில் கல்விச் சுற்றுலா நடைபெறுகிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் கூடுகிறது, நன்கொடை திரட்டப்படுகிறது, பேருந்து ஏற்பாடாகிறது. பெரும்பாலும் அப்பேருந்து சென்று நிற்பது கேளிக்கைப் பூங்காவின் வாயிலில். சுழலும் இராட்டினத்தில் சுற்றி, நீர்ச்சறுக்கில் சறுக்கி, விலையுயர்ந்த குளிர்பானம் அருந்தித் திரும்பும் பிள்ளை, மறுநாள் 'நான் சென்ற கல்விச் சுற்றுலா' என்று கட்டுரை எழுதுகிறான். அதில் கல்வி எது என்று கேட்பார் எவருமில்லை. பிள்ளைகள் விளையாடக் கூடாதென்பதில்லை. விளையாட்டைக் கல்வி என்று பெயரிட்டு அழைப்பதே தவறு.

காட்டுப் பயணம் என்றவுடன் மூன்று தடைகள் எழுப்பப்படுகின்றன. முதலாவது செலவு. பேருந்து வாடகை எங்குச் சென்றாலும் வேண்டியதே. கேளிக்கைப் பூங்காவின் நுழைவுச்சீட்டுக்குத் தலைக்குத் தலை கொட்டிக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்தே இதற்கும் வரும். இரண்டாவது தேர்வு. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. அத்தேர்வு இருந்த காலத்தில் சொன்ன சாக்கை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது, பிணத்துக்கு அஞ்சி வீட்டைப் பூட்டுவது போன்றது. மூன்றாவது ஆபத்து. இது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆறு ஆளை விழுங்கும். மழை வந்தால் ஓடை ஒரு நாழிகையில் பொங்கும். ஆகவேதான் உயிர்காப்புச் சட்டையும், வழிகாட்டியும், நீர்நிலை அறிந்த படகோட்டியும் வேண்டும். முறையாக ஏற்பாடு செய்பவருக்கு இவை கிடைக்கும். ஆற்றை அறியாத பிள்ளையே ஆற்றுக்கு எளிதில் பலியாகிறான் என்பதையும் மறத்தலாகாது. வீட்டுக்குத் தெரியாமல் நண்பர்களோடு குளிக்கச் செல்பவனுக்கு எந்த வழிகாட்டி உண்டு?

வெளிநாட்டுப் பயணியை அப்படியே பின்பற்ற வேண்டும் என்பதும் இங்கே வாதம் அன்று. அவன் செய்யும் குறைகளும் உண்டு. விசைப்படகின் இரைச்சலில் விலங்குகளை விரட்டிவிட்டு, விலங்கைக் காணவில்லை என்று முறையிடுவான். காட்டின் பழங்குடிகளான பாத்தேக் மக்களின் குடிலுக்குள் கருவியை நீட்டிப் படம் பிடிப்பான். அம்மக்கள் வேடிக்கைப் பொருள்கள் அல்லர். கிளந்தானில் குவாலா கோ என்னுமிடத்தில் 2019இல் பாத்தேக் மக்கள் பலர் நோயுற்று மாண்டனர். தட்டம்மையே காரணம் என்று அரசு அறிவித்தது. சுற்றியிருந்த காடு தோட்டமாக மாறியதால் வாழ்வு நலிந்திருந்த மக்கள் அவர்கள். லயத்து வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட அனுபவம் உடைய சமுதாயத்தின் பிள்ளைக்கு அத்துயரம் சொல்லாமலே விளங்கும். வெளிநாட்டவனுக்கு விளங்காத ஒன்று இவனுக்கு விளங்கும் என்பதே, இவன் அங்குச் செல்ல வேண்டியதற்கு முதற்காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. காடு குறைந்துகொண்டே வருகிறது. தீபகற்ப மலேசியாவில் சுமத்திராக் காண்டாமிருகம் அற்றுப்போயிற்று என 2015இல் அறிவிக்கப்பட்டது. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன என்று 2022இல் அரசு தெரிவித்தது. தேசியச் சின்னத்தில் இரண்டு புலிகள் நிற்கின்றன. காட்டில் நிற்பவை இவ்வளவே. காத்தவர்கள் யார் என்று பார்த்தால், கண்டவர்களே காத்தனர் என்பது புலப்படும். தியோடர் ஹப்பேக் என்னும் ஆங்கிலேயர் யானையையும் காட்டெருதையும் வேட்டையாடி, 1905இல் அது குறித்து நூலும் எழுதியவர். பின்னர் மனம் மாறி, பல்லாண்டுகள் வாதாடி, சுல்தான்களின் இசைவோடு இக்காட்டைக் காப்பிடமாக்கத் துணை நின்றார். 1930களின் இறுதியில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் அமைந்த பூங்காவே, விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா ஆயிற்று. தெம்பிலிங் ஆற்றில் அணை கட்டும் திட்டம் எழுந்தபோதும், அவ்வாற்றை அறிந்தவர்கள் எதிர்த்து நின்றமையால் அது கைவிடப்பட்டது. துப்பாக்கி பிடித்தவன் காவலனாக முடியுமானால், வயிற்றுக்காகக் கோடரி பிடித்தவன் பேரன் காவலனாக ஏன் முடியாது?

தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியின் முதற்பாடம். அதனை இங்கே பின்பற்றலாம். ரந்தாவ் வட்டாரத்தை ஒட்டி ஓடுவது லிங்கி ஆறு. 19ஆம் நூற்றாண்டில் சுங்கை ஊஜோங்கின் ஈயம் இவ்வாற்று வழியேதான் கடலுக்குச் சென்றது. இன்று பாலத்தின்மேல் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, சாக்கடை என்று சொல்லிச் செல்கின்றனர். அதே ஆறு கீழே சுங்கை தீமூன் கிராமத்தை அடையும்போது, படகேறி முதலைகளையும், இரவில் கரையோர மரங்களில் மின்னும் மின்மினிகளையும் காண மக்கள் வருகின்றனர். முதலாண்டில் பிள்ளைகள் அங்குச் செல்லட்டும். மேலே தாங்கள் எறியும் குப்பை கீழே எங்குச் சேர்கிறது என்பதைக் கண்ணால் காணட்டும். அடுத்த ஆண்டு குவாலா பிலா சாலையில், அங்சி மலையடியில் உள்ள உலு பெண்டுல் காட்டுக்குச் செல்லட்டும். மூன்றாம் ஆண்டு தெம்பிலிங். ஜெராண்டுட் வழியே செல்லும் கிழக்குக்கரை இரயில் பாதை தொடங்குவது நெகிரி செம்பிலானைச் சேர்ந்த கெமாஸில். வழி இம்மாநிலத்தின் வாசலிலேயே இருக்கிறது, புறப்படுவோரைத்தான் காணோம்.

ஒவ்வொரு பிள்ளையும் ஒரு குறிப்பேட்டோடு செல்லட்டும். கண்ட மரத்தின் மலாய்ப் பெயரை எழுதி, அதற்குத் தமிழ்ப்பெயர் உண்டா என்று தேடட்டும். இல்லையெனில் ஆசிரியரோடு அமர்ந்து ஒரு பெயர் படைக்கட்டும். கறுப்பு உடலில் வெள்ளைப் போர்வை போர்த்தாற்போல் நிற்கும் தாப்பீருக்கு, இந்நாட்டுத் தமிழ்ப்பிள்ளை ஒருவன் அழகிய பெயர் ஒன்று சூட்டினால் தமிழ் வளருமேயன்றித் தேயாது.

மூன்று நான்கு தலைமுறைகளாக இம்மண்ணில் வாழ்வோர், 'இது எங்கள் நாடு' என்று மேடைதோறும் முழங்குகின்றனர். முழக்கம் நன்று. ஆனால் ஒரு நாட்டின் ஆற்றையும் காட்டையும் விலங்கையும் அறியாதவன், அந்நாட்டில் குடியிருப்பவனே ஒழிய உரியவனாகான். குவாலா தெம்பிலிங் படகுத்துறையில் நாளையும் படகுகள் புறப்படும். அவற்றில் வெறுமையாய்க் கிடக்கும் ஒரு பலகையில், பாட்டன் கோடரியோடு நுழைந்த காட்டுக்குள் ஒரு குறிப்பேட்டோடு நுழைவதற்கு, ரந்தாவ்ப் பிள்ளை ஒருவன் அமரட்டும். அவனை அங்கே அமர்த்தும் கடமை பெற்றோருக்கும் பள்ளிக்கும் உரியது.